மறைந்த தந்தையை, அவரை அறிந்தவர்களிடமிருந்து திரட்டி வைப்பது எப்படி

தந்தையை இழந்தவர்கள் சில வாரங்கள் கழித்து முதலில் கைவைப்பது பெரும்பாலும் அவருடைய அலமாரியில்தான். சட்டைகள், மூக்குக்கண்ணாடி, கோப்புகள், பழைய ரசீதுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவது, அந்த நாட்களில் கைக்கும் மனத்துக்கும் ஒரு வேலையைத் தருகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மாதங்களை அலமாரியோடு கழித்துவிட்டு, அப்பாவோடு முப்பது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்த நண்பரைத் தேடிப் போனபோது, பக்கவாதம் வந்து அவர் பேச்சை இழந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார்; ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த வேலையின் வரிசையைப் பற்றித்தான்: முதலில் மனிதர்கள், அடுத்து அவருடைய குரல், அதன் பிறகே தாள்களும் படங்களும். தாள் ஒரு பெட்டிக்குள் பத்தாண்டுகள் காத்திருக்கும். அப்பாவின் வயதொத்தவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

பிள்ளைகள் தந்தையை ஒரே ஒரு பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். நாம் பிறப்பதற்கு முன்பே அவர் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருப்பார். நாம் பிறந்த பிறகும் பகல் பொழுதில் பெரும்பகுதியை நம் கண்ணில் படாமலே கழித்திருப்பார். அண்ணனாக, தம்பியாக, மருமகனாக, தொழிலாளியாக, சங்கத்து உறுப்பினராக, பக்கத்து வீட்டுக்காரராக அவர் எப்படி இருந்தார் என்பது அந்தந்த உறவில் நின்றவர்களுக்கே தெரியும். தந்தையை நினைவுகூர்வது என்றால் நமக்குள் இருப்பதை எடுத்து எழுதுவது மட்டும் அன்று. மற்றவர்களிடம் சிதறிக் கிடக்கும் அவரைப் போய் வாங்கி வருவதும்தான்.

யாரைப் பார்க்க வேண்டும்

பெயர்ப் பட்டியலை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினால் உறவினர்களோடு நின்றுவிடும். அதனால் சான்றுகளிலிருந்து தொடங்குவது நல்லது. அவருடைய கைப்பேசியில் உள்ள தொடர்புகள், கடைசி ஆறு மாத அழைப்புகள், துக்கம் விசாரிக்க வந்து நீங்கள் பெயர் கேட்க மறந்த மனிதர்கள், குழுப் படங்களில் அவர் தோளில் கைபோட்டு நிற்பவர்கள், அவர் சாட்சிக் கையெழுத்திட்ட பத்திரங்கள், பெற்ற கடிதங்களின் அனுப்புநர் முகவரிகள் ஆகியவற்றைப் பாருங்கள். அழைப்புப் பட்டியலில் உறவினர் அல்லாத ஒரு பெயர் வாரந்தோறும் வந்தால் அவரைத் தவறவிடாதீர்கள்.

ஒரு துண்டுச் சீட்டையும் பொருள் தெரியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். அப்பாவின் சட்டைப்பையில் உள்ளங்கையளவு குறிப்பேடு ஒன்று எப்போதும் இருக்கும். அதன் நடுப்பக்கத்தில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயரை அடுத்தும் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு கூட்டல் குறி, ஒரு தேதி. சில தேதிகள் அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதிய தேதி நெருக்கி எழுதப்பட்டிருந்தது. இரண்டு பெயர்களுக்கு மட்டும் கழித்தல் குறி. அவற்றின் அடியில் கோடு. வீட்டில் எல்லோரும் இது கொடுக்கல் வாங்கல் கணக்கு என்றே முடிவு செய்தோம்: கூட்டல் என்றால் நமக்கு வரவேண்டியது, கழித்தல் என்றால் நாம் தரவேண்டியது. நான் தயங்கித் தயங்கி முதல் பெயருக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “தம்பி, அது கடன் இல்லை. என்னோட இரத்த வகை. அந்தத் தேதி நான் கடைசியா இரத்தம் கொடுத்த நாள். உங்க அப்பா ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போய் நிப்போம்” என்றார். ஒருமுறை கொடுத்தவரை மூன்று மாதம் முடிவதற்குள் மறுபடி கூப்பிடக் கூடாது என்பதற்காகவே தேதிகளை அப்பா திருத்திக்கொண்டே வந்திருக்கிறார். கழித்தல் குறி அரிதாகக் கிடைக்கும் வகை, அதனால்தான் கோடு. அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனதில், முகம் தெரியாத பதினொரு குடும்பங்கள் எங்கள் அப்பாவைத் தங்கள் வீட்டு மனிதராக எண்ணிக்கொண்டிருப்பது தெரிய வந்தது.

பட்டியல் தயாரானதும் அதை நெருக்கத்தின்படி வரிசைப்படுத்தாதீர்கள். மூத்தவர்கள், உடல்நலம் குன்றியவர்கள், தொலைவுக்குக் குடிபெயரப் போகிறவர்கள் ஆகியோரை முதலில் வையுங்கள். உங்கள் தாயாரும் உடன்பிறந்தவர்களும் கையெட்டும் தூரத்தில் இருப்பவர்கள். அவர்கள் மனம் சற்றுத் தேறியபின் அவர்களோடு உட்காரலாம்.

எப்படிக் கேட்பது

“அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனிதர்” என்ற விடைதான் வரும். அது அன்பான விடை, ஆனால் எவரைப் பற்றியும் சொல்லக்கூடியது. ஓர் இடத்தை, ஒரு நாளை, ஒரு பொருளைப் பிடித்துக் கேளுங்கள். அவரை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்? அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வேலை முடிந்து கிளம்பினால் இருவரும் எந்த வழியாகப் போவீர்கள்? அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? உங்களிடம் அவர் எதையாவது கேட்டு வாங்கியதுண்டா? கடைசியாக என்ன பேசினீர்கள்? இப்படிக் கேட்கும்போது, பேசுபவரின் கண்கள் உங்களை விட்டுவிட்டு வேறெங்கோ போவதைக் காண்பீர்கள். அவர் அந்த இடத்துக்கே போய்விட்டார் என்பதற்கு அது அடையாளம். அந்த நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள். பேச்சு நின்றாலும் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். நல்ல செய்திகள் பல அந்த இடைவெளிக்குப் பிறகே வருகின்றன.

இது என் கண்டுபிடிப்பன்று. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி முதல், மனிதர்களின் வாயிலிருந்து வரலாற்றைத் திரட்டுபவர்கள் பின்பற்றும் முறை இதுவே: ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி, அதன்பின் பொறுமை. கேள்விகளை எந்தக் காலத்தைச் சுற்றி அமைப்பது என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு. நடுவயதைக் கடந்தவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையில் மிகுதியாக நினைவில் நிற்பது ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம் என்று நினைவாற்றல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே அப்பாவின் நண்பர்களிடம் அவர்களுடைய இளமைக் காலத்திலிருந்து தொடங்கினால் பேச்சு தானாக ஊறும். கடைசி ஆண்டுகளிலிருந்து தொடங்கினால் நோயும் மருத்துவமனையுமாகச் சுருங்கிவிடும்.

கையில் ஒரு படத்தையோ பொருளையோ எடுத்துப் போங்கள். அவர் கட்டியிருந்த கடிகாரத்தை மேசைமேல் வைத்தால் போதும், அது எப்போது எப்படி வாங்கப்பட்டது என்பதிலிருந்து ஒரு கதை தொடங்கிவிடும். முதலில் ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள்; பிறகு இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். தனியாக இருக்கும்போது சொல்லாததை, “அப்படி இல்லையே, அன்றைக்கு நீயல்லவா முதலில் ஓடினாய்” என்று ஒருவரை ஒருவர் திருத்தும்போது சொல்வார்கள்.

ஒலிப்பதிவுக்குத் தனிக் கருவி தேவையில்லை, கைப்பேசியே போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, பேசுபவருக்கு ஒரு முழம் தொலைவில் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். வெறும் மரப்பலகையில் வைத்தால் மேசையின் ஒவ்வொரு அதிர்வும் பதிவாகும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பாருங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, பேசுபவரின் பெயர், அப்பாவுக்கு அவர் என்ன உறவு என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கோப்பின் பெயர் மாறலாம், ஆனால் குரலோடு பதிந்தது பிரியாது. பதிவு செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். ஒருவர் பதிவை நிறுத்தச் சொன்னால் மறுபேச்சின்றி நிறுத்துங்கள். பெரியவர்களை ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச வைக்க வேண்டாம்.

ஒரே நிகழ்ச்சியை அத்தை ஒருவிதமாகவும் சித்தப்பா வேறுவிதமாகவும் சொன்னால், யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல முற்படாதீர்கள். நினைவு என்பது அப்படியே எடுத்துக் காட்டப்படுவதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று பிரித்தானிய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932லேயே காட்டியிருக்கிறார். இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். ஆவணத்தால் சரிபார்க்கக்கூடிய தேதி, இடம் போன்றவற்றை மட்டும் சரிபார்த்து ஓரத்தில் குறியுங்கள்.

கைப்பேசியும் குரலும்

இந்தப் பகுதிக்குக் காலக்கெடு உண்டு. தந்தையின் சிம் இணைப்பை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். வங்கி முதல் மின்னஞ்சல் வரை பல கணக்குகளின் கடவு எண் (ஓடிபி) அந்த எண்ணுக்கே வரும். கட்டணம் செலுத்தாமல் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் செயல்படாமல் இருந்தால் நீக்கப்படுகிறது. கூகுள், 2023இல் அறிவித்த விதிப்படி, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை அதிலுள்ள படங்கள், மின்னஞ்சல்களோடு நீக்கிவிடலாம். முகநூல் கணக்கை நினைவேந்தல் கணக்காக மாற்றிவிட்டால் அதன்பின் எவரும் அதற்குள் நுழைய முடியாது. எனவே அந்த வேண்டுகோளை அனுப்பும் முன், அதில் அவர் இட்ட படங்களையும் எழுத்துகளையும் குடும்பத்தினர் தம் பக்கங்களிலிருந்து பார்த்துச் சேமித்துக்கொள்வது நல்லது.

இவற்றுள் முதலில் காப்பாற்ற வேண்டியது குரல். உங்களுக்கும் உறவினர்களுக்கும் அவர் அனுப்பிய குரல் செய்திகளைத் தேடுங்கள், “வந்து சேர்ந்தாயா?” என்ற மூன்று விநாடியும் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் உரையாடலிலிருந்து வெளியே எடுத்து, தேதியும் பெறுநர் பெயரும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிடுங்கள். உறவினர்களிடம் கேட்டால் திருமணக் காணொளிகளின் பின்னணியில்கூட அவர் குரல் கேட்கக்கூடும். பழைய ஒலிநாடாப் பேழைகள் (கேசட்டுகள்) இருந்தால், ஓட்டிப் பார்க்கும் முன்பு அவற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு நெகிழித் தகடுகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லாத பேழையின்மேல் தவறியும் பதிவு விழாது. பூஞ்சை படிந்த நாடாவை வீட்டுக் கருவியில் போட வேண்டாம், அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படங்களும் தாள்களும்

ஆல்பத்தைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் அது இருக்கும் நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்கு அருகில் எதை ஒட்டினார் என்பதும் அவர் விட்டுச் சென்ற செய்தியே. ஒட்டும் பசைத்தாளும் நெகிழி உறையும் கொண்ட ஆல்பங்கள் படங்களை மஞ்சளாக்கிக் கெடுப்பவை. ஆனால் வராத படத்தைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்காமல் கண்ணாடியோடே வருடி (ஸ்கேன் செய்து) எடுக்கலாம். அச்சுப் படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவிலும், படச்சுருளை (நெகட்டிவ்) 2400 டிபிஐக்குக் குறையாமலும் வருடினால் பின்னர் பெரிதாக்க முடியும். லேமினேட் செய்யாதீர்கள், அதைத் திரும்ப எடுக்க இயலாது. குண்டூசி, இரும்புக் கிளிப், ரப்பர் பட்டை ஆகியவற்றை முதல் நாளே அகற்றிவிடுங்கள். வெப்ப அச்சு ரசீதுகள் விரைவில் வெளுத்துப்போகும், அவற்றை முதலில் வருடுங்கள்.

படத்தில் இருப்பவர்களின் பெயரை, தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். பழைய காகிதப் படமாக இருந்தால் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பளபளப்பான நெகிழிப் பூச்சுள்ள புதிய படங்களில் பென்சில் பிடிக்காது. உறையின்மேல் முன்கூட்டியே எழுதிவிட்டு, பிறகு அவற்றை அதற்குள் இடுங்கள். “அப்பாவும் நண்பர்களும்” என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் தெரியாது. “இடமிருந்து இரண்டாவது” என்று தொடங்கி முழுப்பெயர், உறவு, ஏறத்தாழ ஆண்டு, இதைச் சொன்னவர் யார் என்பது வரை எழுதுங்கள்.

அனைத்துக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள்.

சொல்லத் தயங்குபவை

தேடத் தேட, நாம் எதிர்பாராதவையும் வரும். பெரியப்பாவோடு பதினைந்து ஆண்டுகள் பேசாமல் இருந்தது, திருப்பித் தராத கடன், ஒருவரிடம் கடுமையாக நடந்துகொண்டது என எதுவாகவும் இருக்கலாம். இதையெல்லாம் துடைத்துவிட்டு எழுதினால் அவரை அறிந்தவர்கள் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழப்பார்கள். அவர் சினத்தை மறைத்தால், அதை அவர் எத்தனை முறை விழுங்கிக்கொண்டார் என்பதும் மறைந்துபோகும். அதே சமயம், இன்னொருவரின் மானத்தைத் தொடும் செய்தியை, அவருடைய ஒப்புதல் இல்லாமல் அனைவரும் படிக்கும் ஏட்டில் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. நான் இரண்டு ஏடுகள் வைத்துக்கொண்டேன்: ஒன்று எல்லோருக்கும், மற்றொன்று உறையிட்டு, எவர் காலத்துக்குப் பின் திறக்கலாம் என்று மேலே எழுதி வைத்தது.

அப்பாவோடு மனத்தாங்கல் கொண்டவரையும் பார்க்கப் போங்கள். சமாதானம் பேசப் போக வேண்டாம், கேட்கப் போங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு கடிதம் மட்டும் எழுதிவையுங்கள். உங்கள் தாயாரை வற்புறுத்தாதீர்கள். என் அம்மா முதல் ஆண்டு முழுவதும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவர், கேட்காமலேயே தொடங்கி மாலை வரை பேசினார். அன்று பதிவுக் கருவியை எடுக்க நான் எழவில்லை. எழுந்திருந்தால் பேச்சு அறுந்திருக்கும். இரவில் உட்கார்ந்து நினைவிருந்த மட்டும் எழுதிக்கொண்டேன்.

உறவைத் தொடர்வது

இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுத்துக்கொள்வதே துயரிலிருந்து மீளும் வழி என்று உளவியலில் நெடுங்காலம் கருதப்பட்டது. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய மூவரும் 1996இல் அதை மறுத்து, இறந்தவரோடு உள்ள பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என்று எடுத்துரைத்தார்கள். பெற்றோரை இழந்த எவரும் அதை உடனே ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தந்தையின் பிணைப்புகள் நம்மோடு மட்டும் இருந்தவை அல்ல. அவர் வாரந்தோறும் தொலைபேசியில் நலம் விசாரித்த ஒரு முதியவர், அவர் கட்டணம் செலுத்திவந்த ஒரு மாணவர், அவர் கணக்கு எழுதித் தந்த ஒரு சங்கம் என்று அவருடைய இடம் பல இடங்களில் காலியாகக் கிடக்கும். எல்லாவற்றையும் உங்களால் நிரப்ப முடியாது, நிரப்ப முயன்றால் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். உங்கள் இயல்புக்கு ஒத்துவரும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை இனித் தொடர இயலாது என்று உரியவரிடம் நேரில் சொல்லுங்கள். சொல்லாமல் விடப்பட்டவர் காத்துக்கொண்டே இருப்பார்.

திரட்டியதை ஏடாக்கும்போது, சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். அவர்களுடைய பேச்சை அவர்கள் சொன்ன வழக்கிலேயே விடுங்கள்; எழுத்து நடைக்கு மாற்றினால் குரல் போய்விடும். அச்சிடும்போது இறுதியில் இருபது வெற்றுப் பக்கங்களாவது விடுங்கள். படித்த பிறகுதான் பலருக்குப் பழையது நினைவுக்கு வருகிறது.

முதல் பிரதியை, பேச்சை இழந்த அந்த நண்பரிடம் எடுத்துப் போனேன். பேச இயலாதவரிடமும் கேட்கலாம் என்பதை அன்றுதான் கற்றேன்: ஒரு படத்தைக் காட்டி, ஆம் அல்லது இல்லை என்று தலையசைத்தால் போதுமானபடி கேட்க வேண்டும். ஒவ்வொரு பத்தியாகப் படித்துக் காட்டினேன். நெடுங்காலம் எங்கள் வீட்டில் சொல்லப்பட்டுவந்த ஒரு நிகழ்ச்சி வந்தது. வேலையிடத்தில் மயங்கி விழுந்த ஒருவரை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. அவர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். குழுப் படத்தை முன்னே வைத்தேன். நல்ல கையால் முதலில் அப்பாவைத் தொட்டார், பிறகு தன்னைத் தொட்டார், மறுபடி அப்பாவைத் தொட்டுக் கண்ணை மூடிக் காட்டினார். “விழுந்தது அப்பாவா? தூக்கிக்கொண்டு ஓடியது நீங்களா?” என்று கேட்டேன். தலையசைத்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதியிட்டு, அவர் முன்பாகவே திருத்தத்தை எழுதினேன். மற்றப் பிரதிகள் போன வீடுகளுக்கும் அதை இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.